ஆறுதலாக நடந்த காடு

கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த பெண் ஆப்பிரிக்கா போகிறாளாம். நீங்கள் என்னிடம் விட்டுப்போன பைனாகுலரை இரவல் கேட்டாள். இன்று காலை உறையைத் திறந்தேன். உங்கள் யூக்கலிப்டஸ் தைலத்தின் வாசனை இன்னும் இருக்கிறது, அக்கா.

நாமும் ஒரு பெருநாள் விடுமுறையில்தான் கென்யா போனோம். அதற்கு முன் ஒரு மாதம் இந்த வளைகுடா ஊரில், அப்பாசியா கிளினிக்கின் இதே வரவேற்பு மேசையில் வாதாடினோம். குட்டி விமானத்தில் போய் இறங்கும் சொகுசு விடுதியை இருவருமே முதல் நாளே ஒதுக்கிவிட்டோம். எனக்கு வேன் வேண்டும். காலை முதல் மாலை வரை சுற்றி சிங்கம், சிறுத்தை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். நீங்களோ கூடாரத்தில் தங்கி, வழிகாட்டியோடு நடந்து போக வேண்டும் என்றீர்கள்.

"கண்ணாடிக்குப் பின்னால இருந்து பாக்கிறதெண்டால் நான் இஞ்சயே இருக்கிறன்."

"மிருகம் வந்தா என்னக்கா பண்றது?"

"அது தன்ர பாட்டுக்குப் போகும்."

பிடிவாதக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் மூன்று நாள் வேன், இரண்டு நாள் நடை என்பதற்குச் சம்மதித்தேன்.

வேனில் சிங்கம் பார்த்தோம். நம்மைச் சுற்றி இன்னும் பன்னிரண்டு வேன்கள் நின்றன. நீங்கள் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

நடந்த முதல் நாள் காலையில், துப்பாக்கியோடு முன்னால் போன வழிகாட்டி சட்டென்று கையை உயர்த்தினார். புதர் விலகி ஒரு யானை வந்தது. பின்னால் அதன் குட்டி. என் கால்கள் தாமாகத் திரும்பின. நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"ஓடாதையும். நில்லும்."

யானை காதை விரித்து நம்மையே பார்த்தது. பிறகு குட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து போய்விட்டது. அது போன பிறகுதான் என் மணிக்கட்டை விட்டீர்கள்.

மர நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "சண்டைக்குள்ள வன்னிக் காட்டுக்குள்ளால அம்மாவோட ஓடினனான். ஒரு மரத்தைக்கூட நிமிர்ந்து பாக்கேல்ல. ஒருக்கா ஒரு காட்டுக்குள்ள ஆறுதலா நடக்க வேணும்போல இருந்தது."

மறுநாள் நீங்கள் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்றீர்கள். நானும் கூடவே நின்றேன்.

அடுத்த வருடம் நோய் வந்து கொழும்புக்குப் போனீர்கள். திரும்பி வரவில்லை. ஒரு மாதம் அத்தனை பேசினேனே, ஏன் நடக்க ஆசைப்படுகிறீர்கள் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இன்று பைனாகுலரை வாங்கிக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள், "வேனா, நடையா, எது நல்லா இருக்கும்க்கா?"

நடை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "நீ எதுக்கும்மா போற?" என்றேன்.

"அம்மாவுக்காக. அவங்களையும் கூட்டிட்டுப் போறேன். ஊர விட்டு வெளிய எங்கயும் போனதில்ல. முட்டி வலி, ரொம்ப நடக்க மாட்டாங்க."

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டேன். எந்த வேனில் படி தாழ்வாக இருக்கும் என்று இருவரும் தேட ஆரம்பித்தோம்.