றஸீன் காவியமும் கொடி பிடித்தவனும்

திங்கள்

கச்சான் காற்று. வாயைத் திறந்தால் மணல்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு மகா காவியம் தொடக்கம். இப்போதே பிரகடனம் செய்துவிடுகிறேன்: இதை ஒருவரும் நம்பப்போவதில்லை. எழுதுகிற நானே பாதிதான் நம்புகிறேன்.

விசயம் இதுதான். நம்மூர் விளையாட்டு வீரர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படமும் பாட்டுமாய்ச் சின்னப் புத்தகங்கள். வாசிகசாலைக்காரர் கேட்டது. முதல் புத்தகம், கோல் காவலன் றஸீன். பாட்டு, அடியேன். படம், மருமகள் நஸ்லா. தங்கச்சியின் மகள். சித்திர ரீச்சர். இலேசில் சிரிக்கமாட்டாள்.

ஏன் நான்? கலியாண வாழ்த்துப்பா எழுதுவதில் கல்முனை தொடங்கி அக்கரைப்பற்று வரை எனக்கு நிகர் நானே. எத்தனையோ மாப்பிள்ளைமாரைச் சிங்கமாக்கிக் கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்தவன். அதில் பாதிப்பேர் பூனைக்குப் பயந்தவர்கள்.

முதல் நாலு வரி:

பந்து வந்தது பறந்து - றஸீன்
பாய்ந்தான் தென்னை கடந்து
காற்றைப் பிடித்துக் கட்டிவைத்தான்
களைப்பு என்பதை மறந்து

நஸ்லா வாசித்தாள்.

"மாமா, தென்னைக்கு மேலாலயா பாஞ்சார்?"

"ஓம்கா. என்ட கண்ணால பாத்தன்."

"கன்றா?"

"காய்ச்ச தென்ன."

பென்சிலை வைத்துவிட்டுப் பிளேன்டீ ஊற்ற எழும்பிப் போனாள்.

செவ்வாய்

காற்று அப்படியே. வாங்க: நீல மை, அழிறப்பர், மனிசிக்குத் தலையிடிக் குளிசை.

றஸீனைத் தேடிக் கடற்கரைக்கு. தோணி எஞ்சின் திருத்துகிறான். முழங்கை வரை கறுப்பு எண்ணெய். பாட்டை வாசித்துக் காட்டினேன். பாட்டில் ஒரு சுறா அவனிடம் பந்து பழக வந்த இடத்தில் திருகுசாவியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். பிறகு அண்ணனிடம் கேட்பதுபோல் கேட்டான்.

"ஃபைனல் எங்க காக்கா?"

அந்த இறுதிப் போட்டி. இருபது வருசத்துக்கு மேல். கடைசி நிமிசம். பந்து அவன் கையில் பட்டுக் கோல் கோட்டைத் தாண்டியது, உடனே வெளியே இழுத்துவிட்டான். நடுவர் காணவில்லை. கோட்டில் நின்றவன் கொடியை உயர்த்தவில்லை. கேட்டதற்கும் 'போகல்ல' என்றான். அப்போது றஸீன் தானாகக் கையை உயர்த்தினான். 'உள்ள போனது.' கோல். கிண்ணம் பக்கத்து ஊருக்கு.

ஊர் சொன்னது: கொடிக்காரனே போகல்ல எண்டான், இவனுக்கு என்ன அவசரம், காசு வாங்கிட்டான். பிறகு அவனை ஆட விடவில்லை. பட்டப்பெயர் 'வித்த கை'.

"அத விட்டுட்டு எழுதுற எண்டா வேணாம் காக்கா," என்றான். "என்ட மகளுக்கிட்ட பள்ளிக்கூடத்துல கேக்குறாங்க, ஒன்ட வாப்பா எவ்வளவுக்கு வித்த எண்டு. பந்து உள்ள போனது எண்டு எழுதுங்க. இல்லாட்டி என்ட பேர எடுத்துடுங்க."

சரி என்றேன். சைக்கிளில் ஏறினேன். இறங்கினேன். திரும்ப ஏறினேன்.

அன்று கொடி பிடித்தவன் நான். அவன் அதைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

புதன்

ஜவ்பர் மச்சான் வந்தார். மனிசியின் காக்கா, மூத்த அண்ணன். அந்த இறுதிப் போட்டியில் நம்ம கப்டன். இரண்டு முறுக்கு, ஒரு பிளேன்டீ, ஒரு தீர்ப்பு.

"சுறாவ எழுதுங்க மச்சான், திமிங்கிலத்த எழுதுங்க. ஃபைனல மட்டும் தோண்டாதீங்க. அவன் வித்தது ஊருக்கே தெரியும்."

"காக்கா சொல்றதக் கேளுங்க," என்று குசினி அடுப்படியிலிருந்து மனிசி.

கேட்டேன். வாழ்த்துப்பாக்காரன் புத்தி உடனே வேலை செய்தது. கச்சான் காற்று வந்து பந்தை விழுங்கியதாக எட்டு வரி. அருமையான எதுகை. உள்ளே போனதா இல்லையா என்று காற்றுக்கே தெரியாது.

நஸ்லா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பந்த எங்க கீற?"

"நடுவுல."

"நடுவுல எண்டா கோட்டுல. அது கோல் இல்ல. அப்ப றஸீன் மாமா பொய்யரா?"

"நான் அப்பிடிச் சொல்லல்லகா."

"கொடியோட நிண்ட நீங்கதானே. பாத்தீங்களா இல்லையா?"

"கண்ணுல மணல் விழுந்திச்சி."

"அப்ப தென்னைய எப்பிடிப் பாத்தீங்க?"

முறுக்குத் தட்டுக்குக் கை நீட்டினேன். முறுக்கும் இல்லை.

வியாழன்

வெக்கை. எழுதிக் கிழித்தது ஏழு தாள்.

இந்தக் கொப்பியை யாரும் பார்க்கப்போவதில்லை, ஆகவே. மணல் விழவில்லை. பார்த்தேன். நாலு விரல் உள்ளே. கொடி கையில் இருந்தது, கை எழும்பவில்லை. அந்த மாதம்தான் மச்சான் வீட்டில் எனக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். கப்டனின் தங்கச்சி. கப்டனின் கிண்ணத்தைப் பறிக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்?

கிண்ணம் கிடைக்கவில்லை. மனிசி கிடைத்தாள். றஸீனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

பகல் சோற்றின்போது மனிசியிடம் சொன்னேன். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப காக்காக்குப் பயந்தா என்னக் கட்டின?"

"இல்ல. ஒனக்கு ஆசப்பட்டு."

"அதுக்கு அந்த மனிசன்ட பேரா கெடச்ச?"

சோற்றுக்கு ஊற்றும் ஆணத்தை என் பக்கம் தள்ளவில்லை. நானே எட்டி எடுத்தேன்.

எட்டாவது தாள்:

கோட்டைத் தாண்டிப் போனது பந்து
காவலன் சொன்னான் உண்மை
கொடியைப் பிடித்தவன் கண்ணால் கண்டும்
கூசி நின்றான் ஊமை

நஸ்லா ஒன்றும் கேட்காமல் படத்தைக் கீறினாள். கை உயர்த்திய றஸீன். ஓரத்தில் கொடிக்காரன், பெரிய தொப்பையுடன்.

"அப்ப எனக்குத் தொப்பை இல்லகா."

"மாமா, நீங்க பேசாம இரிங்க."

வெள்ளி

ஜும்ஆ. மச்சான் எனக்குப் பக்கத்துச் சஃப் வரிசையில். ஸலாம் சொல்லிக் கை கொடுத்தார். நாளைக்கு வாசிகசாலையில் புத்தக வாசிப்பு என்று மட்டும் சொன்னேன்.

சனி

வாசிகசாலை. பிள்ளைகள் முன்னால் பாயில், பெரியவர்கள் பின்னால் கதிரையில், றஸீன் வாசல் நிலையோடு. அவன் மகள் முதல் வரிசை.

தென்னைக்குச் சிரிப்பு. சுறாவுக்கு இன்னும் சிரிப்பு. கடைசிப் பாட்டை வாசித்தேன். அதற்குத்தான் ஆகப் பெரிய சிரிப்பு.

"தன்னையும் உட்டுவைக்கல்ல பாருங்க," என்றார் வாசிகசாலைக்காரர்.

மச்சான் கை தட்டினார். "புளுகுக்கு ஒரு கிண்ணம் குடுங்கடா இவருக்கு."

வாழ்நாள் முழுக்கப் புளுகிச் சேர்த்த பெயர் வந்து முன்னால் நின்றது. றஸீன் நிலத்தைப் பார்த்தான். முதல் வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

தாளை மடித்தேன்.

"இது பாட்டு இல்ல. வல்லாஹி, பந்து உள்ள போனது. நான் பாத்தன். கொடிய ஒசத்தல்ல."

அல்லாஹ் மீது ஆணையான அந்தச் சொல்லை வைத்து நான் ஒருநாளும் பகிடி விட்டதில்லை. அது ஊருக்குத் தெரியும்.

மச்சான் எழும்பினார். "எவ்வளவு உள்ள?"

"நாலு விரல்."

என் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் என்னோடு கதைக்கவில்லை, கதைக்க இன்னும் நாளாகும். வாசலுக்குப் போய் றஸீன் முன்னால் நின்றார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. றஸீன் தலையை ஆட்டினான், இரண்டு தடவை. மச்சான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

றஸீனின் மகள், நஸ்லா தைத்துக் கட்டிய மாதிரிப் புத்தகத்தோடு என்னிடம் வந்தாள்.

"இதுல எது மெய்?"

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கை உயர்த்திய படத்தில் நிறுத்தினேன்.

"இந்தப் பக்கம் மட்டும், மகள்."

மூலையை மடித்துவிட்டு வாப்பாவிடம் கொண்டுபோனாள்.

அந்த ஒரு பக்கம் நடந்தது. மற்றதெல்லாம் நான் விட்ட புளுகு.