‘போ’ என்ற சொல்லை மாற்றச் சொல்கிறார்கள்

என் குஞ்சு சுபா,

உன் கதையை ஊர் வாசித்துவிட்டது. வாசித்ததோடு நிற்கவில்லை, கோபித்துக்கொண்டும் இருக்கிறது. உனக்குச் சிரிப்பு வரும். எனக்குத்தான் தலையிடி.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு நினைவுமலர் அச்சடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம்தானே. செத்தவரின் படம், நாலு தேவாரம், ஒரு திதி வெண்பா, பிறகு பிள்ளைகளின் புலம்பல். ‘எனக்கு வெண்பா அடிச்சியோ, எழும்பி வந்து கடிப்பன்’ என்று நீ முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாய். அதனால் முன்பக்கத்தில் உன் படத்தையும் ஒரு தேவாரத்தையும் போட்டு, அதற்குப் பின்னால் உன் மாயக்கதை முழுவதையும் போட்டுவிட்டேன். கணினியில் இருந்ததை அப்படியே அச்சகத்தில் கொடுத்ததுதான். கடைசி அத்தியாயத்தை நான் வாசிக்கவில்லை. அதையும் வாசித்து முடித்தால் உன்னிடமிருந்து புதிதாக இனி எனக்கு என்ன வரும்?

கொண்டுபோனவர்கள் தேவாரத்தைப் பார்த்துவிட்டு அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் பண்டத்தரிப்புச் சனத்தை எனக்கு இன்னும் விளங்கவில்லை.

முதலில் வந்தது பின்தோட்டத்துச் சின்னையா அண்ணை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்டார்.

“பிள்ளை, உந்த அரக்கன் சண்டையிலை வெண்டவன்தானே? பிறகேன் கிரீடத்தைக் கழட்டி வைச்சிட்டு வெங்காயம் நடப் போனவன்?”

“எனக்கென்ன தெரியும் அண்ணை? அவள் எழுதினது.”

“சரி, நடட்டும். ஆனா மாரி மழைக்குள்ளையோ நடுறது? முழுக்க அழுகிப்போமெல்லே! அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

அரக்கனுக்கு மூன்று தலை இருப்பதில் அவருக்கு ஒரு குறையுமில்லை. வெங்காயம்தான் பிரச்சினை. செத்தவீட்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உனக்குச் சொல்ல உன் அறைப்பக்கம் திரும்பினேன். பிறகு குசினிக்குள் போய் இருந்து அழுதேன்.

அடுத்தது பரமேஸ் மாமி. அவ வந்தது வேறு கோபத்தோடு. மலரைக் கையில் பிடித்தபடி, செருப்பையும் கழற்றாமல் விறாந்தைக்கு ஏறினா.

“என்ன தமக்கையடி உவள், உந்த அலரி ராணி? தாய் தேப்பன் இல்லாத பிள்ளையை அவள்தானே வளர்த்தவள்? அந்தத் தங்கச்சி தும்பை சாபம் பட்டு, உடம்பெல்லாம் செட்டையும் சிறகுமாய் முளைச்சு, நோவிலை துடிக்குது. காலிலை கட்டின கயிறு இருக்குமட்டும் சாகாது எண்டு முனிவர் சொல்லிப்போட்டார். உவளோ மலையுச்சிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கயிறை அவிட்டுவிடுறாள்! அதையும் பொறுப்பம். ‘போ’ எண்டெல்லே சொல்லுறாள்! கடைக்குப் போறவனுக்கே நாங்கள் ‘போட்டு வா’ எண்டுதானே சொல்லுறது? கூடப் பிறந்ததுக்கு ஆரும் ‘போ’ எண்டு சொல்லுவினமோ?”

மாமி என் முகத்தைப் பார்த்தா. பார்த்துவிட்டு, “தேத்தண்ணி போடு பிள்ளை” என்று கதிரையில் இருந்துவிட்டா. தாய் தகப்பன் இல்லாமல் தங்கச்சியை வளர்த்த தமக்கை யாரென்று ஊருக்குச் சொல்லவா வேண்டும்?

மாமி போனபின் கதவைச் சாத்திவிட்டு அந்த அத்தியாயத்தை வாசித்தேன். மாமி சொன்னது சரி. ‘போய்விட்டு வா’ என்றில்லை, ‘போ’ என்றுதான் இருக்கிறது.

இப்போது ஒரு வருடம் முடிந்து உன் ஆட்டைத் திவசம் வருகிறது. கனடாவில் இருக்கிற பெரியப்பாவின் மகன் ரவி அண்ணை, அங்குள்ள சொந்தக்காரருக்குக் கொடுக்கத் திரும்பவும் அச்சடிக்கப் போகிறாராம். நேற்றுப் பின்னேரம் போன் எடுத்தார்.

“எல்லாரும் மனம் நொந்துபோச்சினம். அந்த ஒரு சொல்லை மட்டும் மாத்துவம். ‘போட்டு வா’ எண்டு போட்டால் காணும். நீ அவளின்ரை அக்கா, உனக்கு உரிமை இருக்குத்தானே?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உண்மையைச் சொல்லட்டா? ரவி அண்ணை கேட்பதற்கு முதலே எனக்கு அதை மாற்ற வேண்டும்போல இருந்தது. ஊரெல்லாம் சேர்ந்து கோபித்தாலும் என் கோபத்துக்குக் கிட்ட வராது.

தெல்லிப்பழை ஆசுபத்திரியில் அந்தக் கடைசி மத்தியானம் உனக்கு நினைவிருக்கிறதா? நீ மெல்லமாக, “அக்கா, நான் போறன்” என்றாய். நான் உன்மேல் பாய்ந்தேன். “வாயைக் கழுவு! போட்டு வாறன் எண்டு சொல்லு!” மூச்சு எடுக்கவே பாடுபட்ட நீ, எனக்காக அதைச் சொன்னாய். “போட்டு” என்றாய். மூச்சு வாங்கினாய். “வாறன்” என்றாய். பிறகு நீ கதைக்கவேயில்லை.

அந்த அத்தியாயத்தை அதற்கு முதலே எழுதி முடித்துவிட்டாயே, குஞ்சு. என்னிடம் நேரே கேட்க ஏலாமல்தான் அலரியைச் சொல்லவைத்தாயா? ஒரு சொல்லுக்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாயா? முதலே வாசித்திருந்தால் நான் அதைச் சொல்லியிருப்பேனா? சத்தியமாக எனக்குத் தெரியாது.

நீ ‘வாறன்’ என்று சொன்னபடியால், அன்றிலிருந்து நான் வாசற் படலைக்குப் பூட்டுப் போடுவதில்லை. “கள்ளர் திரியிற காலம், உனக்கென்ன விசரோ?” என்று மாமி ஏசுகிறா. பூட்டினால் நீ எப்படி உள்ளே வருவாய்? இதை யாருக்குச் சொல்லலாம், சொல்லு.

இப்போதுதான் ரவி அண்ணைக்குப் போன் எடுத்தேன். ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது என்றேன்.

“சனம் உன்னையெல்லே பேசும்” என்றார்.

“பேசட்டும் அண்ணை. நான்தான் அந்த அலரி.”

எத்தனை தரம் அச்சடித்தாலும் அரக்கன் மாரியிலேதான் வெங்காயம் நடுவான். சின்னையா அண்ணை வேலியைப் பிரித்துக்கொண்டு சண்டைக்கு வரட்டும். அலரியும் அந்த மலையுச்சியில் நீ எழுதினதைத்தான் சொல்லுவாள். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

நீ எனக்குத் தந்த வாக்கு ஒன்று இருக்கிறது. அது வேண்டாம், செல்லம். இன்றைக்குப் படலையைப் பூட்டப்போகிறேன். நோவில்லாமல் இரு.

போ.

உன்ரை அக்கா