மூன்றாவது கோடு

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

பாப்பா, நீ செய்த மின்னல் பெட்டியை இன்று நிர்மலா வந்து திறந்தாள். பதுளையில் உன்னோடு படித்த நிர்மலாதான். நீ கண்ணை மூடிய பிறகு ஐந்து மாதமாக அது அலுமாரி மேலேயே இருந்தது. டிவியை இடியிலிருந்து காப்பாற்றும் நீல வில்லை நல்லதா என்று பார்க்க, பொய் மின்னல் அடிக்கிற பெட்டி என்று நீதான் எனக்குச் சொன்னாய். நம் தோட்டத்து லய வரிசையில் எல்லா வீட்டுக்கும் வில்லை வாங்கியாகிவிட்டது. சோதித்துத்தான் மாட்ட வேண்டுமாம்.

உள்ளே வண்ணக் கோடு போட்ட ஒரு சின்னத் துண்டு கருகிக் கிடந்தது.

"ஆன்ட்டி, இதுல மூணாவது கோடு செவப்பா, மண் கலரா? மீட்டரும் ஒண்ணும் காட்டல. ஒங்க மக எல்லாத்தையும் மண்டையிலதான் எழுதி வச்சிருக்கா, கழுத." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"செவப்பும்மா," என்றேன். பெட்டி செய்த அன்றைக்கு நீ விளக்கடியில் அதை நீட்டி, "கொழுந்து பறிக்கிற கண்ணால பார்த்துச் சொல்லும்மா" என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன்.

நிர்மலா சிவப்புக் கோடு போட்டதையே புதிதாக வைத்தாள். கோட்டின் நிறம்தான் அந்தத் துண்டின் அளவாம்; நிறம் மாறியிருந்தால் மின்னல் அடி மிகவும் குறைந்துவிடுமாம், கெட்ட வில்லையையும் நல்லது என்று காட்டுமாம். நாளைக்குச் சோதனை.

அவள் பஸ் ஏறிய பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அன்றைக்கு நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. இதைச் சொன்னால் பெட்டியை மறுபடி மூடிவிடுவாள்.

நான் சொன்னதை நம்பியே வைத்தாயா பாப்பா, இல்லை, மீட்டரில் ஒரு தடவை பார்த்தாயா?