ஐந்து முறை சொல்ல வைத்த சொல்

14 மார்ச் 2024, வியாழக்கிழமை
காலை 9.20

அன்பு மகளுக்கு,

நானும் உன் அம்மாவும் நலமாகவே இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் இவ்வீட்டில் எவருக்கும் தெரியவில்லை. மார்ச் 1, வெள்ளிக்கிழமை மாலை 7.10க்கு நீ அழைத்தாய்; இன்றோடு பதின்மூன்று நாள், உன் தொலைபேசி அணைந்தே கிடக்கிறது. சின்னவன், “அக்கா போன் கெட்டுப்போயிருக்கும்ப்பா, விடுங்க” என்கிறான். அவனே மணிக்கொரு முறை அழைத்துப் பார்ப்பதை நான் கவனிக்காமல் இல்லை.

இம்மாதம் 28ஆம் தேதி ஸ்பானிஷ் தேர்வில் தேறாவிட்டால் அந்நாட்டுக் கண்ணாடித் தொழிற்சாலையில் உன் வேலை நிலைக்காது என்று நீ சொன்ன நாள் முதலாக, நீ படிக்கும் அதே பாடநூலை நானும் வாங்கி, அசை பிரிக்கவும் அழுத்தம் விழும் இடம் காணவும் கற்று, நீ அழைக்கும்போதெல்லாம் உன்னைச் சொல்ல வைத்துவந்தேன். அன்று நீ, “அப்பா, நேத்து நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்” என்று தொடங்கினாய். நான், “அதையே ஸ்பானிஷ்ல சொல்லு பாப்போம்” என்றேன். ஆஸ்பத்திரியைக் குறிக்கும் ஒஸ்பிதால் என்ற சொல்லில் நீ முதல் அசையை அழுத்தினாய். ஒஸ்-பி-தால் என்று பிரித்துக் காட்டி, உயிரெழுத்திலோ ‘ன்’, ‘ஸ்’ ஒலிகளிலோ முடியாத சொல்லுக்கு, எழுத்தின் மேலே அழுத்தக் குறி இல்லையென்றால், கடைசி அசையில்தான் அழுத்தம் என விளக்கி ஐந்து முறை சொல்ல வைத்தேன். ஐந்தாம் முறை பிழையில்லை. பிறகு வேறு இருபது சொற்கள். “சரிப்பா, வைக்கிறேன்” என்றாய். என் குறிப்பேட்டில் அன்றைய தேதியிட்டு ‘முன்னேற்றம்’ என்று எழுதினேன்.

நேற்று உன் அம்மா, அன்று என்னதான் பேசினோம் என்று கேட்டாள், ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, “எதுக்குப் போனாளாம்?” என்றாள். நான் குறிப்பேட்டைப் புரட்டினேன். “பொண்ணு வாயத் தொறந்து ஆஸ்பத்திரிங்கிறா, நீங்க மார்க் போட்டுக்கிட்டு இருந்தீங்களாக்கும்” என்றாள். இன்று காலை நான் போட்டுக் கொடுத்த தேநீரை அவள் தொடவில்லை.

உடம்புக்கு என்னம்மா? உனக்கா, வேறு யாரையேனும் பார்க்கப் போனாயா? தேர்வு போனால் போகட்டும். இக்கடிதம் விரைவு அஞ்சலில் 20ஆம் தேதி புதன்கிழமை உன்னைச் சேர வேண்டும். தொழிற்சாலை முகவரிக்கும் ஒரு பிரதி அனுப்பியுள்ளேன். எந்தக் குறையும் அண்டாமல் நீ நெடுநாள் வாழ வேண்டும். மறவாதே: யாருடைய தொலைபேசியிலிருந்தாவது, எந்நேரமாயினும் அழை. அம்மாதான் எடுப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன், வாய் திறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா