படக்காரர் வீட்டில் பேர் கூப்பிடும் பெட்டி

மாப்ளே,

நேற்று உன் பெட்டியைக் கழற்றி எடுத்து வந்து, கடை மேசையில் வைத்துத் திறந்தேன். குப்பென்று எலி மூத்திர நாற்றம். அதற்கடியில் ஈரம் குடித்த ப்ளைவுட்டின் வாடை. குரங்கணி மேட்டுப் பனி மழைக்காலம் முழுக்க உள்ளே புகுந்து, போர்டில் இருந்த செம்புக் கோடுகள் பச்சை பூத்துக் கிடந்தன. ஸ்பீக்கர் வயரை எலி கடித்திருந்தது. "எலி வரும்டா, தகரப் பெட்டி போடுவோம்" என்று அன்றைக்கே சொன்னேன். "தகரம் அந்த வீட்டுக்கு ஒட்டாது" என்றாய். ஓட்டுக்கு அடியில், எவன் கண்ணுக்கும் படாத மூலையில் இருக்கும் பெட்டி எதற்கு வீட்டோடு ஒட்ட வேண்டும்?

நீ இருந்தால் போனைப் போட்டுத் திட்டித் தீர்த்திருப்பேன். இப்போது அதற்கு வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாலிடெக்னிக்கில் நாம் ஒரே பெஞ்சு. நான் படித்து முடித்து, மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களுக்கு ஹீட்டர், மோட்டார், சென்சார் ரிப்பேர் பார்க்க வந்துவிட்டேன். நீ பாதியில் விட்டுவிட்டு சென்னைக்கு ஓவியம் படிக்கப் போனாய். "சர்க்யூட்டே வரையத் தெரியாதவன் படம் வரையப் போறானாம்" என்று நம் செட்டு முழுக்கச் சிரித்தது. நீயும் சேர்ந்துதான் சிரித்தாய். சில வருஷம் கழித்து ஒருநாள், என் கடை வாசலில் பைக்கை ஸ்டாண்டு கூடப் போடாமல் நின்றுகொண்டு சொன்னாய்:

"மாப்ளே, படக்காரர் வீட்டுல என்னைய வைக்கச் சொல்லிருக்காங்கடா."

"உன்னையா? எதுக்கு, திருஷ்டிக்கா?"

"என்னைய இல்லடா வெண்ண. என் வேலையை."

படக்காரர் வீடு என்றால் குரங்கணிக்கு மேலே, ஜீப்பு ரோடு வளைந்து காப்பித் தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் இருக்கிற பழைய ஓட்டு வீடு. நம் அப்பாக்கள் சிறுவர்களாக இருந்த காலத்தில் அங்கே குடியிருந்து, வாழ்நாள் முழுக்க இந்த மலையைத் தவிர வேறெதையும் வரையாமல் செத்துப்போனார் அந்த மனிதர். வாரிசுகள் வீட்டை ஒரு கலை அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டார்கள். மலையையும் வயலையும் வரைந்த ஓவியர்கள் வாழ்ந்த வீடுகளைப் பழுதுபார்த்து, இன்றைய ஆட்களின் படைப்புகளை அவற்றுக்குள் வைத்துக் காட்டுவது அந்த அமைப்பின் வேலை. பழைய படங்கள் அதே சுவரில் இருக்கும். புதிதாக வருகிறவர் அதே அறையில் தன் பங்குக்கு எதையாவது செய்யலாம். அந்தத் தடவை கூப்பிட்டது உன்னை.

முதல்முறை நீ கூட்டிக்கொண்டு போனபோது எனக்கு அந்தப் படங்கள் பிடித்துவிட்டன. உன்னிடம் சொல்லவில்லை. கொட்டகுடிப் பக்கத்துச் சரிவு, மழை விட்டதும் மேலேறும் பனி, பாறையில் வழியும் தண்ணீர். நீயோ ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய் நின்று எதையோ தேடினாய்.

"என்னத்தடா தேடுற? வந்த சோலியைப் பாப்போம்."

"ஆளைத் தேடுறேன். இந்த மலை பூரா ஏலக்காடு. விடியுமுன்ன ஜீப்பு ஜீப்பா சனம் ஏறுது. இந்தாளு ஒருத்தரைக்கூட வரையலடா. எங்கம்மா எங்க?"

உன் அம்மா ராசிங்காபுரத்திலிருந்து போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கத்து எஸ்டேட்டில் காய் எடுக்கிறவர். நீ பிறப்பதற்கு முன்பிருந்தே அதுதான் வேலை. ஏலக்காய் செடியின் தூரில் காய்ப்பது. நாள் முழுக்கக் குனிந்தே பறிக்க வேண்டும். சாயங்காலம் எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவான். கூப்பிட்ட மாத்திரத்தில் சாக்கோடு போய் நிற்காவிட்டால் கடைசிக்குத் தள்ளிவிடுவான். அதற்குள் ஊருக்குப் போகிற ஜீப்பு கிளம்பிவிடும். சின்ன வயதில் லீவுக்கு அம்மாவோடு போய் நீ பார்த்த மலை அதுதான். உனக்கு மலை என்றால் அந்தக் கூப்பாடு.

அதையே அந்த அறையில் வைக்கப் போவதாகச் சொன்னாய். வருகிறவர் பெஞ்சில் உட்கார்ந்து, படங்களைப் பார்த்து, மெல்ல மனம் அடங்குகிற நேரம் பார்த்து, மேலேயிருந்து பேர் கூப்பிடும் குரல் வெடிக்க வேண்டும். "அவன் ஒக்காந்த எடத்துல துள்ளணும்டா" என்றாய். ஒரு சென்சார், ஒரு டைமர், ஒரு ஸ்பீக்கர். எனக்கு ஒரு மதியத்து வேலை.

"இம்புட்டுத்தானா உங்க ஆர்ட்டு?" என்றேன்.

"நீ வயரை இழுடா."

எந்தச் சூப்பர்வைசரும் உனக்காகக் குரல் கொடுக்க மாட்டான் என்பதால் நீயே கூப்பிட்டாய். என் கடையில் ஷட்டரை இறக்கி, சத்தம் வரும் என்று ஃபேனையும் நிறுத்தி, வேர்த்து ஊற்ற ஊற்றப் பதிவு செய்தோம். வீராயி. முருகேஸ்வரி. ராசாத்தி. கழுத்து நரம்பு புடைக்க நீ கத்தியதில், டீ கொண்டுவந்தவர் பயந்துபோய் ஷட்டரைத் தட்டி "என்னப்பா, உள்ள அடிதடியா?" என்றார். அம்மாவின் பேர் வந்ததும் நின்றுவிட்டாய்.

"அம்மா பேரை எப்பிடிடா வாயைத் தொறந்து கூப்பிடுறது?"

"சூப்பர்வைசர் எப்பிடிக் கூப்பிடுவான்? அப்பிடி. வெரசா முடி, எனக்குச் சோலி கெடக்கு."

கண்ணை மூடிக்கொண்டு கத்தினாய். "பேச்சியம்மா!" மற்ற எல்லாப் பேரையும்விட அதுதான் முரட்டுத்தனமாக வந்திருந்தது. இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாய்.

திறப்பு நாளில் மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்தவர்கள் நீ நினைத்தபடியே துள்ளினார்கள். பிறகு உன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பாராட்டினார்கள். நீ தலையாட்டிக்கொண்டு நின்றாய். உனக்கு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியிருந்தது. அன்றைக்குத்தான் அம்மாவுக்கு லீவு. "மத்தவன் சொல்றது கெடக்கட்டும் மாப்ளே. எங்கம்மா பாத்துச் சொல்லணும். இது அவளுக்காகச் செஞ்சது."

அம்மா வந்தார், கூடக் காய் எடுக்கிற பெண்கள் சிலரோடு. செருப்பைப் படிக்குக் கீழேயே விட்டுவிட்டார்கள். "இதுக்குக் கரண்டு பில்லு யாருய்யா கட்டுறா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். "ஏன், நீ கட்டப் போறியாக்கும்?" என்றார் இன்னொருவர். அம்மா பெரிய படத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் வயர்க்கூடையை மடியில் வைத்து உட்கார்ந்தார். நீ கதவருகே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். படத்துல நம்மளை விட்டுட்டானே என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தாய்.

"ஆத்தீ, எம்புட்டு அமைதியாக் கெடக்கு" என்றார். "ஒரு ஆளு இல்ல, சத்தமில்ல. இங்கன போயி ஒக்காந்தா எவனும் கூப்பிட மாட்டான்ல?"

கூடையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, முதுகைச் சுவரில் சாய்த்தார். உன் அம்மா சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டைமர் அதன் வேலையைச் செய்தது. வீராயி. முருகேஸ்வரி. ராசாத்தி. பேச்சியம்மா!

"இந்தா வந்துட்டேன் சாரே!"

கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் பாதித் தூரம் ஓடிவிட்டார். கூட வந்தவர்களும் பாதி எழுந்தவர்கள்தான். சுதாரித்துக்கொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "அடியே பேச்சி, எங்கடி ஓடுற? ரேடியோடி அது!" அம்மாவும் சிரித்தார். "பழகுன காலு, அதுபாட்டுக்கு ஓடுது. கிறுக்குப் பய, என்னத்தையோ பண்ணி வச்சிருக்கான் பாரு." திரும்பி வந்து உட்கார்ந்தார். ஆனால் சாயவில்லை. பெஞ்சின் விளிம்பில், கூடைப் பிடியை விடாமல், கிளம்பும்வரை அப்படியே இருந்தார். அது உன் குரல் என்று அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அவர்களை ஜீப்பு ஏற்றிவிட்டு வந்து, "ஆஃப் பண்ணு" என்றாய்.

"ஏன்டா? நல்லாத்தானே வேலை செய்யுது?"

"எங்கம்மா ஒக்காந்துச்சுடா. அந்தாளு படத்துக்குள்ள அதுக்கு ஒரு எடம் கெடச்சுச்சு. நான் போயி எழுப்பி விட்டுட்டேன்."

படியில் உட்கார்ந்துவிட்டாய். எனக்குப் போடிமெட்டில் ஒரு ஸ்டோரில் ஹீட்டர் வேலை பாக்கி இருந்தது. நான் கிளம்பலாம் என்று பையைத் தோளில் மாட்டிய பிறகுதான் வாயைத் திறந்தாய்.

"மாத்திப் போடு மாப்ளே. உள்ள ஆளு இருந்தா அது பேசப்படாது. எல்லாரும் வெளிய போனப்பெறகு கூப்பிடட்டும். யாருமே இல்லாத அந்த மலையப் பாத்துக் கூப்பிட்டுக்கிட்டே கெடக்கட்டும்."

புரோகிராமில் அது ஒரு வரி. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நான் மாட்டியிருந்தது அசைவைக் கவனிக்கும் சென்சார். அசையாமல் உட்கார்ந்திருக்கிறவர் அதன் கணக்கில் இல்லாதவர். உன் அம்மா நிம்மதியாகச் சாய்ந்த உடனே, ஆள் போய்விட்டார் என்று நினைத்து அது கத்தத் தொடங்கும். இதை உனக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. நீ கேட்டதெல்லாம், "அப்ப ஒக்காந்திருக்கவங்களைப் பாக்குற சென்சார் இல்லையா?" இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குவதைக்கூடப் பிடிக்கும் ரேடார் வகை. வரவழைக்க நாளானது. அதுவரை பெட்டியை ஊமையாகவே வைத்திருந்தாய். அந்தக் கலை அமைப்பை நடத்தும் மேடத்துக்கு அதில் வருத்தம்; நீ அசையவில்லை.

புதியதை மாட்டியதும் உன்னைப் பெஞ்சில் உட்கார வைத்துச் சோதித்தேன். நீ மூச்சு விட்டுக்கொண்டிருந்தவரை பெட்டி வாய் திறக்கவில்லை. "மூச்சைப் பிடி" என்று வாசலுக்கு வெளியே நின்று கத்தினேன். கன்னம் உப்ப உட்கார்ந்திருந்தாய். சற்று நேரத்தில் அது "வீராயி!" என்று அலறியதும் உனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. உடனே பெட்டி நின்றுபோனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தனியாக வந்தார். படி ஏறும்போது உள்ளே குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கால் வைத்ததும் அடங்கியது. அதே பெஞ்சில் உட்கார்ந்தார், சாய்ந்தார், கொஞ்ச நேரத்தில் தூங்கியே போனார். வெளிச்சம் சரியும்வரை தூங்கினார். பெட்டி பேசவில்லை. நீ கதவருகே நின்றபடி, யாரும் உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொண்டாய். நல்ல வேலை செய்திருக்கிறேன் என்று எனக்குத் தோன்றிய நாட்கள் கம்மி. அது ஒன்று.

அடுத்த மழைக்கு நீ இல்லை. டெங்கு. சும்மா காய்ச்சல்தான் என்று சென்னை அறையில் மாத்திரை போட்டுப் படுத்திருந்திருக்கிறாய். இதற்கு மேல் எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

உன் பெட்டியை அந்த வீட்டிலேயே நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். இந்த மழையில்தான் அது செத்தது. நேற்று நான் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மேடம் போன் செய்தார்.

"தம்பி, சரி பண்றப்பவே முதல்ல இருந்த மாதிரி மாத்திடலாமா? உள்ள வந்தா ஒண்ணுமே கேக்கலைன்னு வர்றவங்க ஏமாந்து போறாங்க. அவர் முதல்ல நெனச்சதும் அதுதானே?"

முடியாது என்று சட்டென்று சொல்லியிருக்க வேண்டியவன், யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். ஏன் தெரியுமா? பழையபடி வைத்தால் உள்ளே உட்கார்ந்து உன் குரலைக் கேட்கலாம். எனக்கு அது வேண்டியிருந்தது. அம்மாவுக்கும் வேண்டியிருக்கும் என்று நினைத்து, சாயங்காலம் ராசிங்காபுரம் போனேன்.

அம்மா அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்தக் குரல் உன்னுடையது என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதாய்யா?" என்றார். "அன்னைக்கே, ஓடிப்போயி பாதியில நின்னேன்ல, அப்பவே தெரிஞ்சிருச்சு. சொன்னா சங்கடப்படுவான்னு சொல்லல."

"பழையபடி வச்சா, நீங்க உள்ள ஒக்காந்து கேக்கலாம்மா."

ஏலக்காய் வாடை ஏறிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேணாம்யா. நான் ஒக்காரணும்னுதான அவன் அதை நிறுத்துனான். இருக்கட்டும்."

அங்கிருந்தே மேடத்துக்குப் போன் போட்டேன். "மாத்த முடியாதுங்க. அவன் கடைசியா வச்சது எதுவோ அதான் அவன் வேலை. வேற மாதிரி வேணும்னா வேற ஆளைப் பாத்துக்கங்க." வழக்கம்போல வெடுக்கென்றுதான் சொன்னேன். "சரி தம்பி, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

ராத்திரியே போர்டைச் சுத்தம் செய்து, வயரை மாற்றிவிட்டு, இன்று காலை லோடு ஜீப்பு ஒன்றில் தொற்றிக்கொண்டு மேலே போய், பெட்டியை மாட்டினேன். சென்சார் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அறையை விட்டு வெளியே வந்து நின்றாக வேண்டும். கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றேன். காப்பிச் செடிகளில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு நீ கூப்பிட ஆரம்பித்தாய்.

வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு பேர் போதும். நான் கடைசிப் பேர் வரைக்கும் நின்றேன். முடிந்து, மறுபடி வீராயியிலிருந்து வந்தது, அதற்கும் நின்றேன். அந்த வரிசையில் என் பேர் கிடையாது. கதவு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. உள்ளே ஒரு கால் வைத்தால் நீ நின்றுவிடுவாய்.

கீழே ஜீப்புக்காரர் விடாமல் ஹாரன் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அங்கேயே நின்றேன்.