தட்டில் குத்துப்பட்ட டிராகன்

பிப்ரவரி 6, வியாழன்

கடைக்கு விளக்குச் சரக்கு வந்து இறங்கியது. உடைசல் குறைவு. ஏஜெண்டிடம் நல்ல வார்த்தை நாலு சொல்லி வைத்தேன். அடுத்த முறை விலை பேச உதவும்.

ஞாயிறு அன்று மகளுக்குச் சம்பந்தம் பேசப் பையன் வீட்டுக்குப் போகிறோம். மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில்தான் அவனும். அவளே பார்த்துக்கொண்டாள், நமக்கு அலைச்சல் மிச்சம். அவன் கொள்ளுத்தாத்தா சீன தேசத்திலிருந்து கடல் தாண்டி வந்தவராம். முகச்சாயல் வேறு, பேச்சு நம் பேச்சுதான்.

"வெறுங்கையோட போக முடியாது" என்றாள் வீட்டுக்காரி. நம்ம கடையில் இல்லாததா என்றேன். அவள் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

சுவரில் மாட்டும் பீங்கான் தட்டு ஒன்று யாரும் சீண்டாமல் மேல் அலமாரியில் கிடக்கிறது. பொற்குவியல் மேல் ஒரு டிராகன். குதிரைமேல் வந்த வீரன் அதன் தொண்டையில் ஈட்டியைச் செருகுகிறான். நல்ல வேலைப்பாடு. துடைத்து, பளபளா காகிதம் சுற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

போய்விட்டு வந்தோம். போகாமலே இருந்திருக்கலாம்.

அவர்கள் வீட்டுத் தரை ஓடு அருமை. இப்போது அந்தச் சரக்கு கிடைப்பதில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பையனின் அம்மா காகிதத்தைக் கிழிக்காமல் பிரித்தார். பையனின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு மேஜைமேல் குப்புற வைத்தார். "சாப்பிடலாமா" என்றார். அதன்பின் கரண்டிச் சத்தம்தான்.

காரில் ஏறியதும் மகள் ஆரம்பித்தாள்.

"அப்பா, உங்க தலைக்கு மேல சுவத்துல என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"இல்லையே."

"டிராகன். மரத்துல செதுக்கினது. அவங்க கொள்ளுத்தாத்தா மடியில வெச்சுக் கொண்டுவந்தது. மழை குடுக்குறது, வம்சத்தக் காப்பாத்துறது. அதுக்குக் கீழ உக்காந்து, அதக் குத்திக் கொல்ற படத்தக் குடுத்துட்டு வர்றோம்."

டிராகன் என்றால் நெருப்பைக் கக்கும், ஆளைத் தின்னும் — உலகம் பூராவும் அப்படித்தானே என்றேன். வீட்டுக்காரி ஜன்னலைப் பார்த்தபடி, "கடையில ஓடாததெல்லாம் இவருக்குப் பரிசு" என்றாள்.

அவள் சொன்னது சரி. இங்கேயாவது ஒப்புக்கொள்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

'கொஞ்ச நாள் போகட்டும்' என்று அங்கிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மகள் கண் வீங்கி வேலைக்குப் போனாள்.

பிப்ரவரி 15, சனி

கெட்டுப்போன பொருளுக்கு மாற்றுப் பொருள் கொடுப்பதுதான் நமக்குத் தெரிந்த முறை. தங்க முலாம் பூசிய டிராகன் சிலை ஒன்று விசாரித்து வைத்தேன். மழை தருகிற ஜாதி. மகளிடம் படம் காட்டினேன்.

"மறுபடியும் கடைச் சாமானாப்பா? மொதல்ல அது என்னன்னு தெரிஞ்சுக்குங்க. அப்புறம் வாங்குங்க."

நியாயம்தானே? சரக்கைப் பற்றித் தெரியாமல் சரக்கை எடுத்ததில்லை நான். இதில் எப்படிக் கோட்டை விட்டேன்?

பிப்ரவரி 18, செவ்வாய்

நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒரு சேதி சொன்னார். சீன தேசத்தில் 'டிராகன் எலும்பு' என்றே மருந்துக் கடைகளில் விற்பார்களாம். மண்ணைத் தோண்டும்போது கிடைக்கும் பழங்கால மிருக எலும்புதான். இடித்துப் பொடி செய்து கொடுப்பார்கள்.

"அப்ப பொய்ச் சரக்கா?"

"எலும்பு நெசம் அண்ணாச்சி. பேருதான் டிராகன்."

யோசித்தால், உழுகிறவன் ஏரில் ஆள் உயரத் தொடை எலும்பு தட்டினால் அதற்கு அவன் என்ன பெயர் வைப்பான்? யானையையே பார்க்காத ஊராக இருந்தால்?

பிப்ரவரி 20, வியாழன்

டிராகனைப் பற்றி ஒரு புத்தகம் எடுத்துப் படித்தேன். வாய்விட்டுச் சிரித்த நாள். அந்தக் காலத்தில் சாம்பிராணி மரங்களைச் சிறகு வைத்த பாம்புகள் காவல் காக்கின்றன என்று ஒரு கதை உலாவியதாம். யார் கிளப்பிவிட்டார்கள் என்று இன்னும் விவாதிக்கிறார்களாம். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? யாவாரிதான். எங்கே வாங்குகிறாய் என்று கேட்பவனுக்கு வேறென்ன பதில் சொல்வது? பாம்பு இருக்கிறது, போகாதே, என்னிடமே வாங்கிக்கொள். தொழில் சுத்தம்.

"என்னங்க தனியா சிரிக்கிறீங்க" என்றாள் வீட்டுக்காரி. சொன்னேன். "ஒங்க ஆளுங்க வேலதானா" என்று போய்விட்டாள்.

பிப்ரவரி 24, திங்கள்

மேற்கே டிராகன் பொன்மேல் படுத்திருக்கிறது. கிழக்கே மேகத்தில் நீந்துகிறது. உலகத்தின் இன்னொரு கோடியில், இறகு முளைத்த பாம்பையே கடவுளாக்கியிருக்கிறார்கள். நம் வேதக் கதையிலும் வானத்துத் தண்ணீரை அடைத்துக்கொண்ட பாம்பு உண்டே. இடி விழுந்தபிறகுதான் விட்டது.

ஒருவரை ஒருவர் பார்க்காதவர்கள் எப்படி ஒரே மிருகத்தைக் கண்டுபிடித்தார்கள்? பாம்புப் பயம் எல்லோருக்கும் பொது என்கிறார்கள். இருக்கட்டும். என் புத்திக்குப் படுவது, எவனுக்கு எது பற்றாக்குறையோ அதன் பக்கத்தில் டிராகனைக் கொண்டுபோய் வைத்திருக்கிறான். தண்ணீர் வேண்டியவனுக்குத் தண்ணீரில், பொன் கிடைக்காதவனுக்குப் பொன்மேல். இரக்கப்பட்டுக் கொடுக்கும் என்று நினைத்த ஊரில் கும்பிட்டார்கள். கொடுக்காது என்று தெரிந்த ஊரில் ஈட்டியைத் தூக்கினார்கள்.

அந்தப் பொன் டிராகன் பொன்னைத் தின்பதில்லை, நகையாய்ப் பூட்டிக்கொள்வதுமில்லை. பூதம் காத்த மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுதியதைப் படித்தால் யாரையோ பார்த்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

கையை வீசிக்கொண்டு பையனின் அப்பாவைப் பார்க்கப் போனேன். தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் பட்டறை அவருடையது. லீவு நாளிலும் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். எண்ணெய் டின்மேல் உட்காரச் சொன்னார்.

தெரிந்ததை எல்லாம் கொட்டினேன் — எலும்பு, சாம்பிராணி, மேகம், பொன். உங்களுக்கு அது என்னவென்று தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நல்லாத்தான் படிச்சிருக்கீங்க. ஆனா அதுக்கு இல்லைங்க. மொதல்ல சுருக்குன்னுதான் இருந்துச்சு. குத்துற கதை அவங்க கதை, போகட்டும். என் பையனே சின்ன வயசுல கம்ப்யூட்டர்ல தெனம் டிராகனக் கொன்னவன்தான். சோறு போடாமயா விட்டோம்?"

"பின்ன?"

ஸ்பேனரைக் கீழே வைத்தார். "குப்புற வெச்சேன்ல. அடியில ஒரு சீட்டு ஒட்டியிருந்துச்சு. 'பாதி விலை. விற்ற பொருள் வாபஸ் இல்லை.' அத வீட்டுல படிச்சிட்டா. அன்னைக்கு ராத்திரி கேக்குறா, பொண்ணையும் இப்படித்தான் குடுக்குறாரா இவருன்னு."

காகிதம் சுற்றினவன், திருப்பிப் பார்க்கவில்லையே. முன்பக்கம் துடைத்தால் போதும் என்று இருந்திருக்கிறேனே.

கடைசியில் சொன்னேன்: "எம் பொண்ணு விஷயத்துல வாபஸ் உண்டுங்க. என்னைக்கு வந்தாலும் எங்க வீட்டுக் கதவு தெறந்திருக்கும். யாரையும் கேக்க வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். இத உங்ககிட்ட சொல்றது மரியாதை இல்லதான். ஆனா அதுதான் நெசம்."

வெகுநேரம் கை துடைத்தார். "இத என்கிட்ட சொல்லாதீங்க. வீட்டுல அவகிட்ட வந்து சொல்லுங்க."

அப்படியே எழுந்து போனோம். அந்த அம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, காபி போட உள்ளே போனார். திரும்பி வந்து, "எனக்காக மாமியா வீட்டுல வந்து அப்படி ஒரு வார்த்தை சொல்ல ஆளு இல்ல" என்றார். காபியில் சர்க்கரை தூக்கல்.

மார்ச் 3, திங்கள்

மகளிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் என்ன சரக்கா, ரெண்டு பெருசுங்களும் வாபஸ் பேசறீங்க" என்று எகிறினாள். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

அவர்கள் வந்தார்கள். தேதி குறித்தாயிற்று.

மே 17, சனி

கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போனது. பையனின் அம்மாவும் வீட்டுக்காரியும் துணி எடுக்கப் போனார்கள். அவர்கள் வரும்வரை பையனின் அப்பா கடையில் உட்கார்ந்திருந்தார்.

நல்ல கூட்டம். புதுச் சரக்கில் டிராகன் விளக்கு ஒன்று. அதை ஒருவர் எடுத்து, வீட்டுக்கு நல்லதா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பையனின் அப்பா எழுந்து போய் விளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வேண்டாங்க. ஒடம்பு மேகத்துல நீந்துறதோடது, றெக்க பொன்னு காக்குறதோடது. செஞ்சவனுக்கு ரெண்டு கதையும் தெரியல. இது மழையும் குடுக்காது, காசும் காக்காது."

வாங்க வந்தவர் விளக்கை மெதுவாகக் கீழே வைத்தார். என்னைப் பார்த்து, "யாருங்க இவரு, போட்டிக் கடைக்காரரா?" என்றார்.

"சம்பந்தி" என்றார் இவர், எனக்கு முன்னாலேயே.