பதினாலு பேருடைய பேர்

உக்குவளை
14.6.1967

மாதா துணை.

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு, சவரியம்மா தோத்திரம் சொல்லி எழுதுறது. நானும் பிள்ளைகளும் சுகம். சங்கத்துக்காகப் பேசப் போன நீங்க கொழும்பில் சங்கக் கந்தோரிலேயே பாய் போட்டுப் படுக்கிறதா தச்சு பாஸ் லாபிர் நானா சொன்னார். இருமலோடு சிமெந்துத் தரையில் படுக்காதீங்க. சொன்னா கேட்கிற ஆளா நீங்க!

ஸ்ட்ரைக் தொடங்கி மூணு கிழமை. பள்ளிக்கூடக் கட்டடம் ஜன்னல் மட்டத்தோடு நிக்குது. ஒருத்தரும் வேலைக்குப் போகல்ல. மரவள்ளியும் பலாக்காயும் இருக்கிறதால அடுப்பு எரியுது.

நேத்து கட்டடத்தைக் கொந்துராத்து எடுத்த முதலாளியின் ஓவசியர் வீடு வீடா வந்தார். மேசன் பாஸ், தச்சு பாஸ்மாருக்குக் கூலி கூட்டித்தரச் சங்கத்தோடு கடதாசியில் கையெழுத்து வைக்க முதலாளி சம்மதமாம். ஆனா சாந்தும் கல்லும் சுமக்கிற பொம்பளைகள் அந்தக் கடதாசியில் வரமாட்டாங்களாம். எங்களை அவர் வேலைக்கு எடுக்கல்லையாம். பாஸ்மார்தான் கையாளாக் கூட்டி வந்தாங்களாம். நான் ரபாயேல் பாஸின் ஆளாம், உங்க ஆளாம். கேட்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்தது.

அது பொய்யும் இல்ல. நீங்கதானே கூட்டிப்போனீங்க. சங்கத்துக்குப் பேர் எழுதின அன்னைக்கு எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினவள் நான். என் பேரையும் எழுதணும்னு எனக்கும் தோணல்ல, உங்களுக்கும் தோணல்ல. புருஷன் பேர் இருந்தா பெண்சாதிக்கும் சேர்த்துத்தான்னு இருந்துட்டோம். என்ன மடத்தனம்!

உங்க தங்கச்சி லூசியாவுக்குச் கட்டடச் சாரம் முறிஞ்சு விழுந்ததில் அடிபட்ட கை இன்னும் மடங்கல்ல. முதலாளியிடம் மருந்துச் செலவு கேட்டா, அவளும் உங்க ஆளாம், நீங்களே பார்த்துக்கணுமாம்.

லாபிர் நானா, முதல்ல பாஸ்மார் காரியம் முடியட்டும், பொம்பளைகள் காரியத்தைப் பிறகு பார்ப்போம்னு சொல்றார். நல்ல மனுஷன், வீட்டுப் பசிக்குப் பயந்து சொல்றார். அந்தப் பிறகு வரவே வராதுன்னு மூஞ்சிக்கு நேரே சொல்லிட்டேன். இன்னைக்குக் கோயிலடியில் நாங்க பதினாலு பேரும் கூடி, பேர் எழுதி இத்தோடு அனுப்புறோம். எழுதத் தெரியாதவங்க பெருவிரல் வச்சிருக்காங்க.

திங்கட்கிழமை கடதாசியை நீட்டுவாங்க. எங்க பேர் இல்லாட்டி கையெழுத்து வைக்காதீங்க. வெறுங்கையோடு வந்தாலும் ஒரு சொல் சொல்ல மாட்டேன். வச்சிட்டு வந்தீங்கன்னா சோறு போடுவேன், துணி துவைப்பேன். ஆனா உங்களுக்குச் சாந்து சுமக்க மட்டும் இனி வரமாட்டேன்.

மாதா உங்களுக்குத் தைரியம் தரட்டும்.

இப்படிக்கு,
சவரியம்மா